கணினி கேள்வி–பதில்: வரப்போகும் மாடலுக்குக் காத்திருக்கலாமா?

பிளஸ் டூ முடிக்கும் மகனுக்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தர நினைக்கிறேன். இன்டெல் அடுத்த பிராசஸருக்குச் சாக்கெட்டையே மாற்றப் போகிறதாம், இப்போது வாங்கினால் பணம் வீண் என்கிறார்கள். காத்திருக்கவா? – மதுரை வாசகர்

சாக்கெட் (மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) மாறும் என்ற பேச்சை நம்பலாம். அது கிளம்பிய இடம் அப்படி. 'எல்ஜிஏ 1954' சாக்கெட்டுக்கான சோதனைக் கருவிகள் என்று சரக்கு அனுப்பும் பட்டியல்களில் எழுதியிருந்ததை வைத்துத்தான் செய்தி முதலில் வெளியே வந்தது. ஒரு சாக்கெட்டின் ஊசி எண்ணிக்கைக்குப் பொருந்தும்படி கருவி செய்து நாடு விட்டு நாடு அனுப்புகிறார்கள் என்றால், அந்தச் சாக்கெட் வேலை ஏற்கெனவே நடக்கிறது என்று பொருள். அந்தச் சாக்கெட்டில் உட்காரப் போவதாகச் சொல்லப்படும் 'நோவா லேக்' பிராசஸர் 2026 பிற்பகுதியில் வரும் என்று இன்டெலும் சொல்லியிருக்கிறது.

அதே செய்தியின் வாலைப் பிடித்துக்கொண்டு வரும் '52 கோர்' (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) பேச்சு வேறு ரகம். உச்ச மாடலைப் பற்றி ஒருவர் சொன்னதைப் பலர் திருப்பிச் சொல்கிறார்கள். அது உண்மையாகவே இருந்தாலும், கல்லூரி மாணவருக்கு நீங்கள் வாங்கப்போகும் பிராசஸரில் அத்தனை கோர் இருக்கப் போவதில்லை.

பணம் வீணாகாது. 2024 அக்டோபரில் வந்த இன்டெலின் கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்கான எல்ஜிஏ 1851 மதர்போர்டு, புது சாக்கெட் வந்த மறுநாளும் ஓடும். பின்னாளில் பிராசஸரை மட்டும் மாற்றும் வழிதான் சுருங்கும். மாடி எழுப்பக் கம்பி விட்டு வைப்பதுபோல அந்த வழியைத் திறந்தே வைக்க விரும்பினால் இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டுக்குப் போங்கள். 2022-இல் வந்த அதை 2027-க்கு அப்பாலும் ஆதரிப்போம் என்று ஏஎம்டி வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. நாமும் அதைத்தான் பரிந்துரைப்போம்.

காத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. 'க்ரூஷியல்' பெயரில் பொதுமக்களுக்கு விற்பதை நிறுத்துவதாக மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரில் அறிவித்தது. ரேம் விலையைக் கணக்கில் எடுக்காமல் 'பொறுத்து வாங்குங்கள்' என்று சொல்லும் ஆலோசனை அரைகுறையானது.

பணம் இறுக்கமாக இருந்து, தனி கிராபிக்ஸ் கார்டும் போடுவதாக இருந்தால் இப்போது 16 ஜிபி ரேம் ஒற்றைக் குச்சி, பிறகு அதே மாடலில் இன்னொன்று. தனி கார்டு இல்லை என்றால் முதலிலேயே 8 ஜிபி இரண்டாகப் போடுங்கள். பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் இந்த ரேமைத்தான் பங்கு போடுகிறது, ஒற்றைக் குச்சியில் அதன் வேகம் நன்றாகவே குறையும். நான்கு துளை உள்ள போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும் அவற்றுக்கான இடம். நான்கையும் நிரப்பினால் இப்போதைய டிடிஆர்5 ரேமின் வேகம் இறங்கிவிடும்.

அசெம்பிள் செய்ததும் பலர் பதறும் இடம் ஒன்று உண்டு. ஏஎம்5 போர்டில் முதல்முறை பவர் போட்டால் விசிறி சுற்றும், திரை கருப்பாகவே இருக்கும். போர்டு புது ரேமோடு வேகத்தைச் சரிபார்த்துப் பழகிக்கொண்டிருக்கிறது. சில நிமிடங்கள் ஆகும். 'செத்துவிட்டது' என்று அணைத்து அணைத்துப் போட்டால் அந்த வேலை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும். 15 நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். அதற்குப் பிறகும் படம் வரவில்லை என்றால், பழைய ஸ்டாக் போர்டில் புது பிராசஸரைப் போட்டதால் பயாஸ் (கணினியைத் தொடக்கி வைக்கும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்) அதை அடையாளம் காணாமல் இருக்கலாம். அதனால் 'பயாஸ் ஃபிளாஷ்பேக்' பட்டன் உள்ள போர்டாகக் கேட்டு வாங்குங்கள். பென்டிரைவை எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்து, போர்டு கையேடு சொல்லும் பெயரில் பயாஸ் கோப்பை அதில் இட்டு, குறியிட்ட யுஎஸ்பி துளையில் செருகி, கணினி அணைந்த நிலையில் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) மட்டும் ஆனில் இருக்கப் பட்டனை அழுத்த வேண்டும். விளக்குச் சிமிட்டி ஓயும்வரை தொடக் கூடாது. நடுவில் கரண்ட் போனால் போர்டு முடங்கிப் போகலாம். யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

டிடிஆர்6 ரேம் வரப்போகிறது என்று படித்தேன். கடையில் கேட்டால் 'இந்த கார்டிலேயே டிடிஆர்6 இருக்கிறது சார்' என்று பெட்டியைக் காட்டுகிறார்கள். – கோவை வாசகர்

பெட்டியில் முன்னால் ஒரு 'ஜி' இருந்திருக்கும். ஜிடிடிஆர்6 என்பது கிராபிக்ஸ் கார்டின் மேலேயே பற்றவைத்த நினைவகம், 2018-இலிருந்தே கார்டுகளில் வருகிறது. மதர்போர்டில் செருகும் டிடிஆர்6 குச்சி இன்று எந்தக் கடையிலும் இல்லை. எல்பிடிடிஆர்6 என்று வேறொன்று இருக்கிறது: கைபேசிக்கும் மெலிந்த லேப்டாப்புக்குமானது, அதன் தரநிர்ணயத்தை, நினைவகச் சிப்புகளுக்கு விதி வகுக்கும் ஜெடெக் அமைப்பு 2025 ஜூலையில் வெளியிட்டது. தரநிர்ணயம் வந்த உடனே பொருள் கடைக்கு வந்துவிடாது.

அடுத்து வரும் கிராபிக்ஸ் கார்டுகள் 600 வாட் இழுக்குமாம். இப்போதே 1000 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கி வைக்கட்டுமா? என் பட்ஜெட் ஆர்டிஎக்ஸ் 5060 அளவுதான். – திருச்சி வாசகர்

வேண்டாம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு வரும் முன்பும் 600 வாட் என்றுதான் பேசினார்கள். 2022 அக்டோபரில் 450 வாட்டோடு வந்தது. 5090-க்கும் அதே 600, வந்தது 575. வதந்தி ஒருமுறை வெகுதூரம் தப்பியது, மறுமுறை கிட்டத்தட்டப் பலித்தது. இரண்டுமே உச்ச மாடலைப் பற்றியவை என்பதைக் கவனியுங்கள். உங்கள் 5060-க்கு 145 வாட், என்விடியா அதற்குக் கேட்பது 550 வாட் எஸ்எம்பிஎஸ். 5070-க்கு 250 வாட், அதற்கு 650. பின்னால் ஒரு படி ஏறும் எண்ணம் இருந்தால் தரமான 650 வாட் போதும். பெயர் தெரியாத '1000 வாட்' பெட்டியைவிட அது எவ்வளவோ மேல்.

நிறுவனமே மேடையில் அறிவித்த பிறகும் பொருள் மாறலாம். 2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080-ஐ 16 ஜிபி, 12 ஜிபி என இரண்டாக அறிவித்தார்கள். இரண்டிலும் சிப்பே வேறு, பெயர் மட்டும் ஒன்று. எதிர்ப்புக் கிளம்பியதும் அக்டோபரில் 12 ஜிபி மாடலைத் திரும்பப் பெற்று, 2023 ஜனவரியில் 4070 டிஐ என்று விற்றார்கள்.

16 ஊசி பவர் கேபிள் உள்ள கார்டாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பிளக்குக்கும் துளைக்கும் நடுவில் மயிரிழை இடைவெளிகூடத் தெரியாதவரை அழுத்திச் செருகுங்கள். பிளக்கை ஒட்டியே கேபிளை மடக்காதீர்கள், இரண்டு விரல் கிடை தூரம் நேராக வந்த பிறகு வளையட்டும். 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் உருகிய பிளக்குகளில் பல அரைகுறையாகச் செருகப்பட்டவை.

புது லேப்டாப் ஒன்று பிஐஎஸ் பதிவில் வந்துவிட்டதாகச் செய்தி. எப்போது கடைக்கு வரும்? – ஈரோடு வாசகர்

பிஐஎஸ் (இந்தியத் தரநிர்ணய அமைப்பு) பதிவு என்பது மின் பாதுகாப்புச் சோதனையைப் பற்றியது. மாடல் எண்ணும் தயாரிப்பாளரும் அதில் இருக்கும். ரேம், திரை, விலை, தேதி எதுவும் இருக்காது. பொருள் நிஜம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் செய்தியில் கூடவே எழுதியிருக்கும் வசதிகள் வேறெங்கிருந்தோ வந்தவை.

ராஸ்பெர்ரி பை 500 கீபோர்டு கம்ப்யூட்டருக்குள் எஸ்எஸ்டி-க்குக் காலி இடம் இருக்கிறதாம். நாமே சாக்கெட் பற்றவைக்கலாமா? – சேலம் வாசகர்

இடம் இருப்பது உண்மை. 2024 டிசம்பரில் 8 ஜிபி ரேமோடு, 90 டாலர் விலையில் பை 500 வந்தபோது பிரித்துப் பார்த்தவர்கள், எம்.2 சாக்கெட் (மெலிந்த எஸ்எஸ்டி-ஐச் செருகும் துளை) உட்காரும் ஈயத் திட்டுகள் வரிசையாகக் காலியாக இருப்பதைக் கண்டார்கள். எஸ்எஸ்டி உள்ள மாடல் ஒன்று வரும் என்று அதை வைத்தே ஊகித்தார்கள். 2025 செப்டம்பரில் பை 500 பிளஸ் வந்தது: எம்.2 சாக்கெட்டில் 256 ஜிபி எஸ்எஸ்டி, 16 ஜிபி ரேம், மெக்கானிக்கல் கீபோர்டு. வந்தபோது விலை 200 டாலர். பலகை பேசியதால் ஊகம் பலித்தது. ஆனால் ஒன்பது மாதம் ஆகும் என்றோ, விலை இரட்டிப்பைத் தாண்டும் என்றோ பலகை சொல்லவில்லை.

பற்றவைக்கும் யோசனையை விடுங்கள். பை 500-இல் சாக்கெட் மட்டும் விடுபடவில்லை, அதற்கு 3.3 வோல்ட் தரும் பாகங்களும் வைக்கப்படவில்லை. சாக்கெட்டை எவ்வளவு சுத்தமாக வைத்தாலும் எஸ்எஸ்டி-க்கு உயிர் வராது, வாரண்டியும் போகும். யுஎஸ்பி 3 துளை இரண்டு இருக்கின்றன. ஒன்றில் யுஎஸ்பி உறையோடு எஸ்எஸ்டி-ஐச் செருகி, அமைப்புகளில் பூட் வரிசையை (எதிலிருந்து கணினி தொடங்க வேண்டும் என்ற வரிசை) யுஎஸ்பி முதலில் என்று மாற்றுங்கள். 5 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் அவசியம். கைபேசி சார்ஜரில் ஓட்டினால் கோப்பு எழுதும்போது எஸ்எஸ்டி துண்டித்துக்கொள்ளலாம்.

இத்தனை வதந்தி எதற்கு? நிறுவனங்களே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் என்ன? – தஞ்சாவூர் வாசகர்

சொன்னால் இன்றைய சரக்கு நின்றுவிடும் என்ற பயம். அதற்கு எல்லாரும் காட்டும் உதாரணம் அமெரிக்காவின் ஆஸ்போர்ன் நிறுவனம். 1981-இல் அது விற்ற ஆஸ்போர்ன் 1 சுமார் 11 கிலோ எடை, 5 அங்குலத் திரை, 1795 டாலர். 1983-இல் அடுத்த மாடலைப் பற்றிய பேச்சு பரவியதும் விற்பனையாளர்கள் பழையதற்கான ஆர்டரைக் குறைத்தார்கள். செப்டம்பரில் நிறுவனம் திவால். பழி முழுவதையும் அந்தப் பேச்சின் மேல் போட முடியாது. 9 அங்குலத் திரையோடு கேப்ரோ என்ற கணினி போட்டிக்கு வந்திருந்தது. ஆனாலும் அந்தப் பாடத்தைத் துறை மறக்கவில்லை.

என்னிடம் இருப்பது ஏழாம் தலைமுறை ஐ5, விண்டோஸ் 10. 'ஏஐ கம்ப்யூட்டர்' மலிவாகும் என்கிறார்கள், அதுவரை ஓட்டலாமா? – நாகர்கோவில் வாசகர்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டில் பதிந்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியல் பொதுவாக எட்டாம் தலைமுறையில்தான் தொடங்குகிறது. அதனால் இதே கணினியில் தொடர்வதென்றால், கெடு முடிந்ததும் வங்கி வேலைகளை இதில் செய்யாதீர்கள். அல்லது லினக்ஸுக்கு மாறுங்கள். இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் ஓடுகிறது என்றால் ஒரு சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க் கேபிளிலேயே செருகும் வகை) போட்டுவிட்டு மாறுங்கள்.

புதிது வாங்கும்போது 'ஏஐ' ஸ்டிக்கரை நம்பாதீர்கள். மைக்ரோசாப்ட் 'கோபைலட் பிளஸ்' என்று ஏற்க 40 டாப்ஸ் (நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள்) திறனுள்ள என்பியு (ஏஐ வேலைக்கான தனிப் பகுதி), 16 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி வேண்டும். முதல் பதிலில் சொன்ன கோர் அல்ட்ரா 200எஸ் டெஸ்க்டாப் பிராசஸரின் என்பியு 13 டாப்ஸ்தான். லேப்டாப் என்றால் ரேம் பற்றவைத்ததா, செருகியதா என்று கேளுங்கள். கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் பிராசஸரோடு ஒரே பொதியில் இருக்கும். வாங்கும் அன்று 16 ஜிபி என்றால் கடைசிவரை 16 ஜிபிதான்.