மனைவியை ஹீலராக்க வேண்டாம்

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து ஆன்லைன் ரோல்பிளேயிங் கேம்கள் ஆடுவதைப் பற்றி அவ்வப்போது எழுதுவதைப் படித்துவருகிறேன். நான் கல்லூரிக் காலத்திலிருந்து வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடுபவன். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. இரவில் நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் என் மனைவி தனியாகிவிடுகிறாள். அவளாகவே ஒருநாள், "எனக்கும் சொல்லிக் குடுங்க, நானும் ஆடறேன்" என்றாள். எனக்கு அத்தனை சந்தோஷம்.

இரண்டே வாரத்தில் நிறுத்திவிட்டாள். அவளுக்கு ஹீலர் எடுத்துக் கொடுத்திருந்தேன், அடிபட்டவர்களைக் குணப்படுத்தும் பாத்திரம். எங்கள் குழுவுக்கு அதுதான் தேவையாக இருந்தது, பின்னால் நின்று ஆடுவது எளிது என்றும் நினைத்தேன். ஒருநாள் டஞ்சனில், அதாவது குழுவாகப் போய்ச் சண்டை போடும் இடத்தில், எல்லோரும் செத்துப்போனோம். முன்பின் தெரியாத ஒருவர் அவளைத் திட்டி எழுதினார். "ஏன் பாத்துக்கிட்டே நின்னே?" என்று நானும் கேட்டுவிட்டேன். கம்ப்யூட்டரை மூடிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். இப்போது கூப்பிட்டால் "நீங்க ஆடுங்க, எனக்கு வேலை இருக்கு" என்கிறாள்.

வேறு கேம் மாற்றினால் சரியாகுமா? நீங்கள் இருவரும் பல கேம்களை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்கள். எது நல்லது? அல்லது இந்த ஆசையையே விட்டுவிடலாமா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், ஓசூர்

அன்புள்ள தம்பிக்கு,

விட வேண்டாம். நீங்கள் வற்புறுத்தி உட்காரவைத்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். உங்கள் மனைவி அவராகவே வந்து கேட்டிருக்கிறார். உங்களோடு இருக்க வேண்டும் என்று கேட்டது அது. அவ்வளவு சீக்கிரம் போய்விடாது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு 2013 நினைவுக்கு வந்தது. அப்போது சிங்கப்பூரில் இருந்தோம். என் கணவருக்கு வார்கிராஃப்டில் 90ஆம் லெவல், அன்றைக்கு அதுதான் உச்சம். நான் முதல் லெவல். எனக்கும் ஹீலர்தான் கிடைத்தது. காரணமும் நீங்கள் சொன்னதேதான்: பின்னால் நிற்கலாம், எளிது.

அது எளிது இல்லை, தம்பி. ஐந்து பேர் போகும் டஞ்சனில் அடி வாங்க ஒரு டாங்க், அடிக்க மூன்று பேர், காப்பாற்ற ஒரே ஒரு ஹீலர். அடிக்கிற மூவரில் ஒருவர் தடுமாறினால் சண்டை கொஞ்சம் நீளும், யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஹீலர் சில நொடி தடுமாறினால் டாங்க் விழுவார், பிறகு எல்லோரும் விழுவார்கள், யாரால் என்று ஐந்து பேருக்கும் தெரிந்துவிடும். அதோடு ஹீலர் தன் வேலையைக் கற்பதற்கு முன்னால் மற்ற நான்கு பேரின் வேலையையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பாஸ் என்கிற பெரிய எதிரி எப்போது ஓங்கி அடிக்கும், யார் போய் நெருப்பில் நிற்பார் என்பதெல்லாம் பல வருடம் ஆடிய உங்களுக்குக் கைப்பழக்கம். புதிதாக வந்தவருக்கு ஐந்து பேரின் உயிரைக் காட்டும் ஐந்து பட்டைகள் குறைவதும் கூடுவதும் மட்டும்தான் கண்ணில் படும். நான் இரண்டு மாதம் அந்தப் பட்டைகளைத்தான் பார்த்தேன். அத்தனை பெரிய உலகத்தில் மலை எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்டால் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனால் அதற்கும் முந்தைய நாட்களில் ஒன்று நடந்தது. நான் எடுத்தது குள்ளர் இனம். அவர்கள் தொடங்கும் டன் மோரோ முழுக்கப் பனி. முதல் நாள் அங்கே நின்று பனி பெய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் அதற்குள் மேட்டைத் தாண்டிப் போய்விட்டார். "வா வா, இங்க ஒண்ணுமில்ல. மேல போனாதான் கேமே ஆரம்பிக்கும்" என்றார். அந்த இடத்தை அவர் பத்து முறையாவது கடந்திருப்பார், அவருக்கு அங்கே ஒன்றுமில்லை. எனக்கு அங்கே எல்லாமே இருந்தது. உங்கள் மனைவி "பாத்துக்கிட்டே நின்ன" அந்த நேரத்தில் அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று கேட்டீர்களா? இப்போதாவது கேளுங்கள். பதற்றத்தில் எந்தப் பட்டனை அழுத்துவது என்று தேடியிருக்கலாம். அந்தக் கூடத்தின் கூரையைப் பார்த்திருக்கலாம். இரண்டில் எதுவாக இருந்தாலும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அது.

என் கணவரின் அவசரத்துக்கு அவர் மட்டும் காரணமில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. அன்றைய வார்கிராஃப்டின் விதிகள் அப்படி. பெரிய லெவல் ஆள் கூட வந்தால் எல்லாவற்றையும் ஒரே அடியில் கொன்றுவிடுவார், கூட இருக்கும் சின்ன லெவலுக்கு, லெவல் ஏற்றும் அனுபவப் புள்ளி ஏறக்குறைய வராது. அவருக்குச் சலிப்பு, எனக்கு வெறும் ஓட்டம். 2018இல் உலகம் ஆடுபவரின் லெவலுக்கு ஏற்ப மாறும்படி செய்தார்கள். 2019இல் பார்ட்டி சிங்க் வந்தது, பெரிய லெவல் ஆள் இறங்கிவந்து புதியவரோடு ஆட முடிகிறது. நீங்கள் வார்கிராஃப்டிலேயே தொடர்ந்தால் அதைப் பயன்படுத்துங்கள், நண்பர்கள் குழுவோடு கொஞ்ச நாள் போக வேண்டாம்.

எங்களுக்கு விடிவு வந்தது கில்டு வார்ஸ் 2இல். அது 2012இல் வந்த கேம், மாதச் சந்தா கிடையாது. சின்ன லெவல் இடத்துக்குப் போனால் அதுவே உங்கள் லெவலை இறக்கிவிடும். ஒரே மரத்தை இருவரும் வெட்டலாம், இருவருக்கும் கட்டை கிடைக்கும். ஒரே எதிரியை இருவரும் அடித்தால் அவரவர் பங்கு அவரவருக்கு. கீழே விழுந்தால் உடனே சாவதில்லை. விழுந்த இடத்திலிருந்தே போராடலாம், பக்கத்தில் வருகிற யார் வேண்டுமானாலும் தூக்கிவிடலாம். அதற்கென்று ஹீலர் தேவையில்லை. முன்பின் தெரியாதவர்கள் ஓடிவந்து என்னைத் தூக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். வார்கிராஃப்டில் வேற்று ஆளைக் கண்டாலே பயந்த எனக்கு அது பெரிய விஷயம்.

அங்கே பாறைக்குப் பாறை தாவி உச்சிக்குப் போகும் ஜம்பிங் பஸில்கள் நிறைய. எனக்கு அவை நன்றாக வந்தன, என் கணவருக்கு வரவில்லை. சண்டையில் அத்தனை வேகமான கை, தாவும்போது வழுக்கிக்கொண்டே இருந்தது. நான் மெஸ்மர், மாய வித்தை செய்யும் பாத்திரம். மெஸ்மரால் ஒரு போர்ட்டல் (மாய வாசல்) திறந்து மற்றவரைத் தன்னிடம் வரவழைக்க முடியும். முதல் முறை உச்சிக்குப் போய் நின்று போர்ட்டலைத் திறந்து "வாங்க" என்று கூப்பிட்டேன். அவர் அதன் வழியே வந்து என் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தோம். "மேல போலாம்" என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை.

எது நல்ல கேம் என்று கேட்டீர்கள். புதிதாக வருபவர் எதிலாவது முன்னால் போக முடிகிற கேம் எதுவோ, அது. மற்ற அளவுகோல்களை ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒப்பிடுவது பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் ஆட்டம் பாதி, ஆடி முடித்தபின் பேசுவது பாதி. ரிச்சர்ட் பார்ட்டில் என்று ஒருவர். எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவோடு சேர்ந்து, 1978இல் தொடங்கிய மட் என்ற எழுத்து வடிவ ஆட்டத்தை உருவாக்கியவர். இன்றைய ஆன்லைன் உலகங்களுக்கெல்லாம் பாட்டன் அது. 1996இல் அவர் எழுதிய கட்டுரையில் ஆடுபவர்களை நான்காகப் பிரித்து சீட்டுக்கட்டின் பெயர்களை வைத்தார். சாதித்துச் சேர்ப்பவர்கள் டைமண்ட், தோண்டித் துருவிப் பார்ப்பவர்கள் ஸ்பேட், பழகுவதற்காக வருபவர்கள் ஆர்ட்டின், மற்றவரை அடிக்க வருபவர்கள் கிளாவர். என் கணவர் சுத்தமான டைமண்ட். நான் ஸ்பேட். இது தெரிந்த பிறகு எங்கள் பேச்சே மாறிவிட்டது. "நீ ஏன் மெதுவா ஆடறே" என்பது போய், "இன்னிக்கு நீ என்ன பாத்தே" என்று ஆனது. பழைய கணக்கு நோட்டு ஒன்றில் ஒவ்வொரு கேமுக்கும் இடப்பக்கம் அவர் எழுதுவார், வலப்பக்கம் நான். பல பக்கங்களில் இரண்டும் ஒரே கேம் என்று நம்பவே முடியாது.

அதில் அதிகப் பக்கம் ஃபைனல் ஃபேன்டசி 14க்கு. எங்களுக்குள் இன்னும் தீராத வழக்கு அது. 2010இல் வந்து தோற்றுப்போன கேம். நவோகி யோஷிதா பொறுப்பேற்று, பழையதை மூடி, 2013இல் புதிதாகக் கட்டிக் கொண்டுவந்தார்கள். சண்டை மந்தம் என்பது என் கணவரின் புகார். வார்கிராஃப்டில் பொதுவாக ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 1.5 நொடி, இதில் 2.5 நொடி. எனக்கு அந்த ஒரு நொடிதான் பிடித்தது. யோசிக்க இடம் கிடைத்தது. கோவைக்கு வந்தபிறகு பிங் (சர்வருக்குப் போய்வர ஆகும் தாமதம்) எப்படியும் அதிகம், இதில் அது அவ்வளவாக உறுத்தவும் இல்லை. டஞ்சனுக்கு முதல் முறை வருபவர் குழுவில் இருந்தால், முடித்ததும் கூட வந்த எல்லோருக்கும் தனி வெகுமதி உண்டு. புதியவர் வந்தால் மற்றவர்கள் சந்தோஷப்படும்படி விதியை அமைத்த அந்த மனசை நான் மதிக்கிறேன். இத்தனைக்கும் நான் அங்கே ஹீலராகத்தான் ஆடுகிறேன், நானே விரும்பி எடுத்தது. ஒரே கேரக்டர் எல்லா வேலையையும் கற்கலாம் என்பதால், மற்றவர்களின் வேலையையெல்லாம் செய்து பார்த்துவிட்டு அதற்கு வந்தேன்.

அதன் பெரிய குறை, கதையை அவரவர் தனித்தனியாக முடிக்க வேண்டும். சில சண்டைகளில் துணையைக் கூட்டிப்போகவே முடியாது. நாங்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, இருவரும் படித்து முடித்த பிறகு ஒரே நேரத்தில் பட்டனைத் தட்டுவோம். அவர் சீக்கிரம் படித்துவிடுவார், காத்திருப்பார். இலவச டிரையலில் 70ஆம் லெவல் வரை ஆடலாம், ஆனால் டிரையல் கணக்கிலிருந்து மற்றவரைக் குழுவுக்கு அழைக்க முடியாது. இருவரும் டிரையல் என்றால் சிக்கல்தான்.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனும் ஆடினோம். அதில் மாரா சடங்கு என்ற கல்யாணச் சடங்கு செய்துகொண்ட ஜோடி மோதிரம் அணிந்து சேர்ந்து ஆடினால் அனுபவப் புள்ளி 10 சதவீதம் கூடுதல். ஃபைனல் ஃபேன்டசியிலும் கல்யாணம் உண்டு, இருவர் உட்கார்ந்து போகும் பறவை தருவார்கள். அழகான விஷயங்கள். உங்கள் பிரச்சினைக்கு அவை மருந்தாகாது.

2012இல் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தினர் 349 ஜோடிகளைக் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இருவரும் ஆடும் ஜோடிகளில் 76 சதவீதம் பேர் அது தங்கள் மண வாழ்க்கைக்கு நல்லது செய்கிறது என்றார்கள். எத்தனை மணி நேரம் ஆடினார்கள் என்பதைவிட, ஆட்டத்தால் வரும் சண்டையும் சேர்ந்து படுக்கப்போகும் பழக்கம் கெடுவதும்தான் அதிகம் பாதித்தன. எங்கள் வீட்டிலும் இதேதான். பதினொரு மணிக்கு யார் எந்தக் குகையில் இருந்தாலும் நிறுத்திவிடுவோம்.

சரி, இனி உங்களுக்கு. முதலில் மன்னிப்புக் கேளுங்கள், கேமைப் பற்றிப் பேசாமல், அந்த ஒரு கேள்விக்காக மட்டும். உடனே மறுபடி கூப்பிட வேண்டாம். சில நாள் கழித்து கில்டு வார்ஸ் 2இன் அடிப்படைக் கேமை இரண்டு கணக்கில் இறக்குங்கள், 2015இலிருந்து அது இலவசம். இரண்டு கணக்கிலும் ஒரே பகுதியின் சர்வரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் சந்திக்கவே முடியாது. உங்களுக்கும் அது புதிய கேமாக இருக்கும், அது ரொம்ப நல்லது. கைடு எதையும் முன்கூட்டிப் படித்துவைக்காதீர்கள். எந்தப் பக்கம் போவது என்பதை முதல் வாரம் அவர் சொல்லட்டும்.

அப்புறம், அங்கே ஐந்து இனங்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு ஊரில் தொடங்கும். அவர் எதை எடுக்கிறார் என்று பார்த்துவிட்டு நீங்களும் அதையே எடுங்கள்.

அன்புடன்,
அக்கா