தாத்தாவின் ஹெரால்டுக்கு விண்டேஜ் பதிவு வேண்டுமா?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என் தாத்தா 1969-ல் புதிதாக வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் எங்கள் வீட்டில் இருக்கிறது. எம்.எஸ். என்று தொடங்கும் பழைய நம்பர். ஆர்.சி. இன்னும் மறைந்த தாத்தா பெயரிலேயே உள்ளது. 2019-க்குப் பிறகு புதுப்பிக்கவும் இல்லை. விண்டேஜ் கார் என்று பதிவு செய்துவிட்டால் தொல்லை இல்லை என்கிறார்கள். செய்யலாமா? பழைய நம்பர் போய்விடுமா? ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு சுவாமிமலைக்கும் திருவையாற்றுக்கும் ஓட்டிப் போகத்தான் ஆசை. எஞ்சின் மிகவும் தேய்ந்துவிட்டது, மாருதி எஞ்சின் போட்டுவிடலாம் என்று மெக்கானிக் சொல்கிறார்."

முதலில் உங்கள் ஆசையை எடுத்துக்கொள்வோம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு ஓட்ட வேண்டும் என்றால் விண்டேஜ் பதிவு உங்களுக்கு வேண்டாம். வழக்கமான பதிவைப் புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டேஜ் பதிவைப் பலரும் காருக்குக் கிடைக்கும் பட்டம் போல நினைக்கிறார்கள். பட்டத்தோடு ஒரு கட்டுப்பாடும் வருகிறது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் இதற்கென்று தனிப் பகுதி சேர்த்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் விண்டேஜ் என்று பதிவு பெறலாம். ஆனால் அப்படிப் பதிவான வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ரேலி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, அவற்றுக்குப் போய்வருவது, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்குத்தான் அனுமதி. சுவாமிமலை அந்தப் பட்டியலில் இல்லை. கல்யாணத்துக்கோ சினிமா ஷூட்டிங்குக்கோ வாடகைக்கு விடுவதும் வணிகம்தான். அதை வழக்கமான சொந்த வண்டிப் பதிவிலும் செய்யக் கூடாது.

சரி, நம்பர். வழக்கமான பதிவைப் புதுப்பித்தால் நம்பர் மாறாது. 1989-ல் புதிய மோட்டார் வாகனச் சட்டம் வந்து இன்றைய டி.என். வரிசை தொடங்கிய பிறகும் பழைய எம்.எஸ். நம்பர்கள் அப்படியே செல்லுபடியாகின்றன. விண்டேஜ் பதிவுக்குப் போனாலும், ஏற்கெனவே இந்தியாவில் பதிவான வண்டி தன் பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவு பெறுகிற வண்டிகளுக்குத்தான் மாநில எழுத்தை அடுத்து 'வி.ஏ.' என்று வரும் நம்பர் தருவார்கள். அதனால் நம்பரைப் பற்றிக் கவலை வேண்டாம். கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்தாக இருந்த அந்தக் காலத்துப் பிளேட்டைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள், ஆனால் ரோட்டில் அதை மாட்ட வேண்டாம். சொந்த வண்டிக்கு இன்று வெள்ளைத் தகட்டில் கறுப்பு எழுத்துதான் விதி.

எஞ்சின் விஷயத்தில்தான் நான் கொஞ்சம் வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தயவுசெய்து மாற்றாதீர்கள். சேஸிஸிலோ (வண்டியின் அடிச்சட்டம்) பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யாத, பழைய வடிவிலேயே இருக்கும் வண்டியைத்தான் 2021 விதி விண்டேஜ் என்று ஏற்கிறது. இன்று அந்தப் பதிவு உங்களுக்கு வேண்டாம், சரி. நாளை உங்கள் பிள்ளைகள் கேட்டால்? மாருதி எஞ்சின் உட்கார்ந்த நாளோடு அந்த வழி அடைபட்டுப்போகும். தவிர, எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீசில் அதை ஆர்.சி.யில் ஏற்றியாக வேண்டும். ஏற்றாமல் விட்டால் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) காட்டும்போது எஞ்சின் நம்பர் ஒத்துவராது. தேய்ந்த எஞ்சினின் சிலிண்டரைக் கடைந்து சீராக்கி (போர் செய்து), பிஸ்டன் மாற்றி, அதே பிளாக்கை வைத்துக்கொண்டு ஓட வைக்கும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. 948 சி.சி. எஞ்சின் அது, அமைப்பில் எளிமையானது. செலவு கூடும், நாளாகும். ஆனாலும் அதுதான் சரியான வழி. டயர், வயரிங், பெயிண்ட் ஆகியவற்றைப் புதுப்பிப்பது அந்த விதியில் பெரிய மாற்றமாக வராது.

ஹெரால்டுக்கு இன்னொரு தனிக் கவனம் தேவை. அதற்கு சேஸிஸ் தனி, பாடி தனி. பாடிப் பகுதிகளை போல்ட் போட்டுப் பூட்டியிருப்பார்கள். சேஸிஸின் பக்கவாட்டுக் கைகள் துருப்பிடித்து உளுத்துப்போவது இந்த வண்டியின் பழைய வியாதி. காவிரிக் கரை ஈரத்தில் நின்ற வண்டி என்பதால் லிஃப்டில் ஏற்றி அடியை முதலில் பாருங்கள். அப்படியே சேஸிஸ் நம்பரைத் தேடி ஆர்.சி.யோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நம்பர் துருவில் மறைந்திருந்தால் பக்குவமாகச் சுத்தம் செய்து அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்து வையுங்கள். கிரைண்டரைப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. நம்பர் அழிந்தால் பிறகு நிரூபிப்பது பெரும்பாடு.

இனி காகித வேலை. முதலில் பெயர் மாற்றம். உரிமையாளர் இறந்தால் வாரிசு படிவம் 31-ல் விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் எல்லாம் வேண்டும். அத்தைமார், சித்தப்பாமார் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவதுதான் இதில் நாள் பிடிக்கும் வேலை, அதை இன்றே தொடங்குங்கள். மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டிய வேலை இது, எனவே அபராதம் இருக்கும். அப்புறம் பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. அது 5 ஆண்டு செல்லும். 2025-ல் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். 20 ஆண்டு கடந்த காருக்கு 10,000 ரூபாய். இதோடு தாமதக் கட்டணமும் பசுமை வரியும் சேரும். ஒப்பிட்டுப் பார்க்க, விண்டேஜ் பதிவுக்கு முதல் முறை 20,000 ரூபாய், அது 10 ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. பணக் கணக்கில் விண்டேஜ் பதிவு மலிவாகத் தெரியும். கோயிலுக்கு ஓட்ட முடியாது என்பதையும் அதே கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

இன்சூரன்ஸ் இல்லாமல் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக்கூட ஓட்டிப் போக வேண்டாம், லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். ஐந்து ஆண்டு கடந்த வண்டிக்கு இன்சூரன்ஸில் போடும் மதிப்பை நீங்களும் நிறுவனமும் பேசித்தான் முடிவு செய்வீர்கள். செய்த வேலைகளின் பில்களையும் படங்களையும் காட்டிப் பேசுங்கள், இல்லையென்றால் பழைய இரும்பு விலையில் போட்டுவிடுவார்கள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்துவதற்கு முன் ஹேண்ட் பிரேக், ஹார்ன், வைப்பர், இண்டிகேட்டர் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். ஹெரால்டின் பானெட் முகப்போடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும், திறந்தால் எஞ்சின் முழுதாகத் தெரியும். அன்று காலையே அங்கே துடைத்துச் சுத்தமாக வைத்திருங்கள்.