'பால் காணாது' என்று சொல்லாதீர்கள்
தாய்ப்பால்: கேள்வி-பதில்

மகளுக்குப் பிரசவமாகி மூன்று நாள். பிள்ளை ஓயாமல் அழுகிறது, பால் காணாது (போதாது) போலிருக்கிறது. பவுடர் கரைத்துக் கொடுக்கலாமா? (ஒரு பாட்டி, தக்கலை)

'பால் காணாது' என்றாலே எனக்குக் கோபம் வரும், அம்மா. முதல் நாள் ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன் சீம்பால் போதும். பால் பெருகுவதே மூன்றாம், நான்காம் நாளில்தான். அதற்குள் பிள்ளை பார்க்க ஆரஞ்சும் பிஸ்கட்டுமாக வருகிறவர்கள், உட்காருமுன் கேட்பது: "பாலு உண்டா?" பத்துப் பேர் கேட்டால் தாய்க்கே சந்தேகம் வந்துவிடும். பயமும் கூச்சமும், பாலை இறக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனைத் தடுக்கும். மார்பில் பால் இருந்தும் இறங்காது. பிள்ளை அழும். உடனே பவுடர். வயிறு நிறைந்த பிள்ளை சப்பாது. சப்பாத மார்பு சுரக்காது. அப்புறம், "நான் அன்றைக்கே சொன்னேனே!" என் மூத்தவனுக்கு இப்படித்தான் நாற்பது நாளில் பால் நின்றது. சொன்ன மாமி இன்றும் எங்கள் தெருவில்தான் இருக்கிறார்.

பாட்டியாகிய நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள்: "நல்லா வாய் திறந்து பிடிச்சுக் குடிக்கு, பாரு." ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை கொடுக்கட்டும். பாலை அளக்காதீர்கள், பிள்ளை மூத்திரம் போய் நனைத்த ஈரத்துணியை எண்ணுங்கள். மூன்றாம் நாள் மூன்று, ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினம் ஆறு. குறைந்தாலோ, எழுப்பியும் குடிக்காமல் தூங்கினாலோ டாக்டரிடம் காட்டுங்கள். பவுடர் வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும், தெரு சொல்ல வேண்டாம்.

என் குழந்தை பால் குடிப்பதில்லை, ஏன்? (பெயர், ஊர் இல்லை)

வயதும் இல்லை, எடையும் இல்லை. நான் சோழி உருட்டுகிறவள் அல்ல. ஈரத்துணியை எண்ணி, முழுதாக எழுதுங்கள். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளை என்றால் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நான் வளைகுடாவில். வீடியோ காலில் என்ன உதவி செய்ய முடியும்? (கணவர், குளச்சல்)

பிள்ளையைக் காட்டச் சொல்லுமுன் மனைவி தூங்கினாளா என்று கேளுங்கள். கூட்டத்தைக் குறைக்கச் சொல்லி உங்கள் அம்மாவிடம் நீங்களே பேசுங்கள். மருமகள் சொன்னால் வம்பு. மகன் சொன்னால் பேச்சு முடிந்தது.

தாய்மாரிடம் எத்தனை சொன்னாலும் கேட்பதில்லை. (அங்கன்வாடிப் பணியாளர், திங்கள்சந்தை)

சொல்வதை நிறுத்திக் கேளுங்கள். "கொடுக்கிறீர்களா?" என்றால் "ஆமா" என்று வாயை மூடிவிடுவார்கள்; "ராத்திரி எப்படிப் போகுது?" என்று ஆரம்பியுங்கள். தன்னம்பிக்கை நான்கு வழியில் வளரும் என்றார் உளவியலாளர் பண்டூரா: தானே செய்து பார்த்த வெற்றி, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் ஊக்கம், உடல் மன நிலை. நம்மவர்கள் மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டு பிரசங்கம் செய்கிறார்கள். அதே தெருவில் நன்றாகப் பாலூட்டும் ஒரு தாயைப் பக்கத்தில் உட்கார வையுங்கள், போதும்.

அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) வேலைக்குத் திரும்புகிறேன். (மார்த்தாண்டம்)

பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை, வேலைக்கிடையே பாலூட்ட இரண்டு இடைவேளை சட்டப்படி உண்டு, கேட்டு வாங்குங்கள். அண்டித்தோட்டின் எண்ணெய் தோலைப் புண்ணாக்கிவிடும், கையை நன்றாகக் கழுவிவிட்டுப் பாலைப் பிழியுங்கள். பிள்ளையின் துணியை மடியில் வைத்துக்கொண்டால் பால் சீக்கிரம் இறங்கும். பிழிந்த பால் 25 டிகிரியில் 4 மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெயிலில் அதை நம்பாதீர்கள், ஐஸ் வைத்த டப்பா வேண்டும். ஃபிரிட்ஜில் 4 நாள்.

சிசேரியன் ஆகி இருபது நாள். பாலூட்டும்போதெல்லாம் அழுகை. (நாகர்கோவில்)

முதல் இரண்டு வாரம் அழுகை வருவது சகஜம். அதைத் தாண்டினால் அது நோய், உங்கள் குற்றமல்ல. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. உங்களையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றினால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தனியாக அல்ல. பாலூட்டிக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் உண்டு.

சுறாப்புட்டு சாப்பிட்டால் பால் கூடுமா? (தூத்தூர்)

பிள்ளை சப்பினால் கூடும். சுறாவில் பாதரசம் சேரும். சாளை, நெத்தோலி வாங்குங்கள்.