கேளுங்கள், கணினி அக்கா: பல்சக்கரத்தை ஒருமுறை அழுத்துங்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஜிமெயில் பற்றியவை. பதிலுக்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். கீழே 'செட்டிங்ஸ்' என்று எழுதியிருக்கும் இடமெல்லாம், கணினியில் ஜிமெயிலைத் திறந்தால் வலது மேல் மூலையில் தெரியும் பல்சக்கரத்தைக் குறிக்கும். அதை அழுத்தி, அடுத்து 'சீ ஆல் செட்டிங்ஸ்' என்பதையும் அழுத்த வேண்டும். போன் செயலியில் இவற்றில் பல கிடையாது. கணினி இல்லாதவர்கள் மகனிடமோ மகளிடமோ லேப்டாப்பை ஒரு சாயங்காலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், 'ஜெனரல்' பக்கத்தில் எதை மாற்றினாலும் அடிவரை இறங்கி 'சேவ் சேஞ்சஸ்' அழுத்தாவிட்டால் எதுவும் பதியாது. காரைக்குடியில் என் வகுப்புக்கு வந்து "மாத்தினேன்க்கா, மாறலை" என்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அடிவரை இறங்காதவர்கள்தான்.

அம்மா, 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று வந்துகொண்டே இருக்கிறது. தினமும் காலையில் உட்கார்ந்து விளம்பர மெயில்களை ஒவ்வொன்றாக அழிக்கிறேன். இடம் கூடின பாடில்லை. எங்கள் ஓய்வூதியர் சங்கம் அனுப்பிய கடிதம்கூடத் திரும்பிப் போய்விட்டதாம்.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திண்டுக்கல்

ஐயா, அந்தக் காலை வேலையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஒரு விளம்பர மெயில் சில பத்து கிலோபைட்தான் இருக்கும். ஆயிரம் அழித்தாலும் பேத்தி கல்யாண வீடியோ ஒன்றுக்கு ஈடாகாது.

உங்களுக்கு இலவசமாகக் கிடைத்திருப்பது 15 ஜிபி. அது மெயிலுக்கு மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். மெயில், கூகுள் டிரைவ், கூகுள் போட்டோஸ் மூன்றும் அதே 15 ஜிபியைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன. போட்டோஸில் படத்தைச் சுருக்கிச் சேமித்தால் முன்பு கணக்கில் வராது. 2021 ஜூன் 1 முதல் ஏறும் படங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸப் எடுக்கும் பேக்கப்பும் முன்பு கணக்கில் வராமல் இருந்தது. 2024 முதல் அதுவும் இதே 15 ஜிபிக்குள் வந்துவிட்டது. நம் ஊரில் இடம் நிரம்புவதற்கு இதுதான் முதல் காரணம் என்பேன். குட்மார்னிங் வீடியோக்களை எல்லாம் மூட்டை கட்டி அது டிரைவில் ஏற்றிக்கொண்டிருக்கும்.

எனவே எது இடத்தைத் தின்கிறது என்று முதலில் பாருங்கள். கூகுள் ஒன் செயலியில் 'ஸ்டோரேஜ்' என்ற இடத்தில் மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு இருக்கும். வாட்ஸப்பில் செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் என்று போய், 'இன்க்ளூட் வீடியோஸ்' என்பதை அணையுங்கள். அடுத்த பேக்கப் எடுத்ததும் அளவு இறங்கும். போட்டோஸில் கை வைப்பதாக இருந்தால் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போட்டோஸில் பேக்கப் இயக்கி வைத்திருந்தால், அங்கே அழிக்கும் படம் போனிலிருந்தும் போய்விடும்.

மெயிலில் அழிக்க வேண்டியது பெரிய அட்டாச்மெண்ட் உள்ளவற்றை. தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் கோடும் புள்ளியுமாக ஒரு குறி இருக்கிறதே, அதை அழுத்துங்கள். அளவு கேட்கும் கட்டத்தில் 10 எம்பிக்கு மேல் என்று கொடுத்துத் தேடினால் கனமான மெயில்கள் மட்டும் வரிசையாக வந்து நிற்கும். வேண்டியதை இறக்கிவைத்துக்கொண்டு மற்றதை அழியுங்கள். விளம்பரங்களையும் ஒழித்தே ஆக வேண்டும் என்றால், அனுப்புபவர் முகவரியைத் தேடி, மேலே உள்ள சிறு கட்டத்தை 'டிக்' செய்யுங்கள். வழக்கமாக அந்தப் பக்கத்திலுள்ள 50 மெயில்தான் தேர்வாகும். ஆனால் உடனே மேலே ஒரு வரி தோன்றும்: தேடலில் கிடைத்த அத்தனையையும் தேர்வு செய்யவா என்று. பலர் அந்த வரியைக் கவனிப்பதே இல்லை. அதை அழுத்திவிட்டு அழித்தால் பத்து வருஷக் குப்பை மொத்தமாகப் போகும். கடைசியாக 'ட்ராஷ்' பெட்டியையும் காலி செய்யுங்கள். அழித்தவை அங்கே 30 நாள் கிடக்கும். அதுவரை இடம் திரும்பாது.

2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்தபோது 1 ஜிபி தருகிறோம் என்றார்கள். ஹாட்மெயில் 2 எம்பியும் யாஹூ 4 எம்பியும் தந்துகொண்டிருந்த காலம். தேதியைப் பார்த்துவிட்டுப் பலரும் ஏப்ரல் ஃபூல் என்றே நினைத்தார்களாம். இன்று 15 ஜிபி போதவில்லை நமக்கு.

அக்கா, வேலைக்கு விண்ணப்பம் அனுப்பியபோது கம்பெனி பெயரை மாற்றி எழுதிவிட்டேன். அனுப்பிய மெயிலைத் திரும்பப் பெற முடியுமா?
— பொறியியல் இறுதியாண்டு மாணவி, திருச்சி

போன மெயில் போனதுதான் தங்கச்சி. ஆனால் அடுத்த முறைக்கு வழி உண்டு. செட்டிங்ஸில் 'ஜெனரல்' பக்கத்திலேயே 'அன்டூ சென்ட்' இருக்கிறது. சும்மா விட்டால் 5 நொடி. அதை 30 நொடி ஆக்கிவிடுங்கள்; அதுதான் உச்சம். உண்மையில் மெயில் போய்த் திரும்பி வருவதில்லை. ஜிமெயில் அந்த 30 நொடி அதை வாசலிலேயே நிறுத்திவைக்கிறது, அவ்வளவுதான். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லாத மாற்றம் இது. நான் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் முதலில் செய்வது இதைத்தான்.

விண்ணப்பம் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று: 'சென்ட்' பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சிறு முக்கோணம் இருக்கும். அதில் 'ஷெட்யூல் சென்ட்'. ராத்திரி ஒரு மணிக்கு எழுதி முடித்தாலும் மறுநாள் காலை 9 மணிக்குப் போகும்படி வைத்துவிட்டுத் தூங்கலாம். காலையில் எழுந்து இன்னொரு தடவை படித்துப் பார்க்கவும் நேரம் கிடைக்கும். கம்பெனி பெயரெல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

என் முகவரியில் இனிஷியலுக்குப் பின்னால் ஒரு புள்ளி உண்டு. அதே பெயரில் புள்ளி இல்லாமல் இன்னொருவர் வைத்திருக்கிறார் போலிருக்கிறது. அவருடைய போன் பில், கடன் நோட்டீஸ் எல்லாம் எனக்கு வருகிறது.
— வாசகர், நாகர்கோவில்

அப்படி இன்னொருவர் இருக்கவே முடியாது. ஜிமெயில் முகவரியில் புள்ளிக்கு மதிப்பில்லை. புள்ளி வைத்தாலும், வைக்காவிட்டாலும், எழுத்துக்கு எழுத்து வைத்தாலும் அது உங்கள் ஒருவருடைய முகவரிதான். நம் ஊரில் இனிஷியலும் பெயரும் ஒன்றாக இருப்பவர்கள் ஏராளம். அவர் முகவரியின் கடைசியில் ஒரு எண் இருந்திருக்கும். கடையில் சொல்லும்போது அதை விட்டிருப்பார். அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்குத் தவறான முகவரி என்று எழுதுங்கள். உள்ளே இருக்கும் லிங்க் எதையும் தொடாதீர்கள்.

சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறோம். இணையதளத்தில் வரும் ஆர்டர், கூரியர் தகவல், ஜிஎஸ்டி, வங்கி எல்லாம் ஒரே மெயிலுக்குத்தான் வருகின்றன. ஆர்டர் மெயில் விளம்பரங்களுக்கு நடுவில் புதைந்து, இரண்டு மூன்று வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டார்கள். ஆள் போட்டுப் பார்க்கும் அளவுக்கு வசதி இல்லை.
— கடை உரிமையாளர், சின்னாளப்பட்டி

அண்ணே, சம்பளம் இல்லாத ஆள் ஒருவர் உள்ளேயே இருக்கிறார். அவர் பெயர் ஃபில்டர்.

ஆர்டர் மெயில் ஒன்றைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளியை அழுத்துங்கள். 'ஃபில்டர் மெசேஜஸ் லைக் தீஸ்' என்று வரும். அனுப்பும் முகவரி தானாகவே நிரம்பியிருக்கும். உங்கள் தளம் ஆர்டருக்கும் மற்றதற்கும் ஒரே முகவரியைப் பயன்படுத்தினால், ஆர்டர் மெயிலின் தலைப்பில் மட்டும் வரும் சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த கட்டத்தில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும். 'ஆர்டர்' என்று ஒரு லேபிள் ஒட்டச் சொல்லுங்கள். தமிழிலேயே பெயர் வைக்கலாம். நட்சத்திரம் போடச் சொல்லுங்கள். 'நெவர் சென்ட் இட் டு ஸ்பாம்' என்பதை மறக்காமல் டிக் செய்யுங்கள். கடைக்காரர்களுக்கு இந்த ஒன்றுதான் உயிர். பழைய மெயில்களுக்கும் சேர்த்துச் செய் என்று கடைசியில் ஒரு கட்டம் உண்டு, அதையும் டிக் செய்தால் இதுவரை வந்த ஆர்டர்களும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும்.

கூரியருக்கு இன்னொரு ஃபில்டர். அதை 'ஸ்கிப் தி இன்பாக்ஸ்' என்று வைத்தால் இன்பாக்ஸில் தலைகாட்டாமல் நேராக லேபிளுக்குள் போய் உட்காரும். வாடிக்கையாளர் கேட்கும்போது போய்ப் பார்த்தால் போதும். ஆனால் ஜிஎஸ்டி, வங்கி மெயில்களுக்கு இந்த 'ஸ்கிப்' வேண்டாம். கெடு தேதி உள்ள எதையும் கண்ணுக்கு மறைவாக வைக்கக் கூடாது என்பது என் கட்சி. அதே காரணத்துக்காக, செட்டிங்ஸில் 'இன்பாக்ஸ்' பக்கத்துக்குப் போய் 'அப்டேட்ஸ்' என்ற டேபையும் எடுத்துவிடச் சொல்வேன். வங்கிக் கடிதம் பெரும்பாலும் அதற்குள்தான் போய் ஒளிந்துகொள்ளும். 'ப்ரமோஷன்ஸ்' இருக்கட்டும்.

ஒரே பதிலைத் திரும்பத் திரும்பத் தட்டுகிறீர்கள் என்றால், 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'டெம்ப்ளேட்ஸ்' என்பதை இயக்குங்கள். "சேலை அனுப்பியாயிற்று, சாயம் போகாமல் இருக்க முதல் அலசலுக்குக் கல்லுப்பு போடவும்" என்று எழுதிச் சேமித்துவைத்தால், பிறகு இரண்டு அழுத்தலில் வந்து விழும். இதையே ஃபில்டரோடு கோத்துத் தானாகப் பதில் போக வைக்கவும் முடியும். நான் பரிந்துரைக்க மாட்டேன். கிழிந்த சேலை வந்ததென்று எழுதுபவருக்கும் உப்புப் போடச் சொல்லிப் பதில் போகும்.

உங்கள் முகவரியை யார் விளம்பரக்காரர்களுக்குக் கொடுக்கிறார்கள் என்று பார்க்க ஒரு வழி உண்டு. எங்காவது பதிவு செய்யும்போது, உங்கள் பெயருக்கும் 'அட்' குறிக்கும் நடுவில் ஒரு கூட்டல் குறி போட்டு அந்த நிறுவனத்தின் பெயரைச் சேர்த்துக் கொடுங்கள். மெயில் உங்களுக்கே வரும். பின்னாளில் அந்த ஒட்டோடு வேறு யாராவது எழுதினால் விஷயம் புரிந்துவிடும். சில தளங்கள் கூட்டல் குறியை ஏற்காது. அங்கே விட்டுவிட வேண்டியதுதான்.

ஆன்லைன் சென்டரில் தேர்வு விண்ணப்பம் போட்டேன். மெயில் கணக்கையும் அவர்களே தொடங்கிக் கொடுத்தார்கள். வெளியே வரும்போது லாகவுட் செய்தேனா என்று நினைவில்லை. பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். போதுமா?
— தேர்வுக்குப் படிப்பவர், ராமநாதபுரம்

போதாது தம்பி. "அவர்களே தொடங்கிக் கொடுத்தார்கள்" என்பதுதான் உறுத்துகிறது. கூகுள் கணக்கின் 'செக்யூரிட்டி' பகுதிக்குப் போய், ரெக்கவரி போன் எண்ணாகவும் ரெக்கவரி மெயிலாகவும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அவசரத்தில் சென்டர்காரர் தன் எண்ணையே போட்டிருப்பார். பெரும்பாலும் அதில் தப்பெண்ணம் இருக்காது. ஆனால் பாஸ்வேர்டை நீங்கள் எத்தனை முறை மாற்றினாலும் அந்த எண் உள்ளவர் அதை மீட்டெடுக்கலாம். உங்கள் எண்ணுக்கு மாற்றுங்கள். அதே இடத்தில் 'யுவர் டிவைசஸ்' பட்டியலில் தெரியாத கணினி இருந்தால் 'சைன் அவுட்' கொடுங்கள்.

அடுத்து ஜிமெயில் செட்டிங்ஸுக்கு வாருங்கள். 'ஃபார்வர்டிங்' பக்கத்தில் தெரியாத முகவரி இருக்கிறதா? 'ஃபில்டர்ஸ்' பக்கத்தில் நீங்கள் போடாத ஃபில்டர் இருக்கிறதா? கணக்கில் புகுந்த திருடன் இந்த இரண்டு இடத்தில்தான் வழி வைத்துவிட்டுப் போவான். ஓடிபி மெயில் வந்ததும் அவனுக்கு ஒரு நகல் போகும், உங்கள் பெட்டியில் இருப்பது அழிந்துவிடும். பாஸ்வேர்டு மாற்றினாலும் அந்த ஏற்பாடு அப்படியே இருக்கும்.

இதெல்லாம் முடிந்ததும் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போடுங்கள்; பாஸ்வேர்டோடு இன்னொரு உறுதியையும் கேட்கும் பூட்டு அது. அங்கே 'பேக்கப் கோட்ஸ்' என்று 10 எண்கள் தருவார்கள். ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒரு தடவைதான் செல்லும். காகிதத்தில் எழுதிப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழோடு வைத்துவிடுங்கள். போன் தொலைந்த அன்றைக்குத் தேவைப்படும்.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். கும்பகோணத்தில் தனியாக இருக்கும் அம்மாவின் மெயிலை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் அவருக்கு ஓடிபி போய், அவர் கண்ணாடியைத் தேடி, போனில் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.
— வாசகி

பாஸ்வேர்டைப் பகிராமலே செய்யலாம். அம்மாவின் கணக்கில் செட்டிங்ஸுக்குப் போய், 'அக்கவுண்ட்ஸ்' பக்கத்தில் 'கிராண்ட் ஆக்சஸ் டு யுவர் அக்கவுண்ட்' என்ற இடத்தில் உங்கள் ஜிமெயில் முகவரியைச் சேர்க்க வேண்டும். உங்களுக்கு வரும் மெயிலில் ஒப்புதல் கொடுத்தால், உங்கள் கணக்கிலிருந்தே அம்மாவின் பெட்டியைத் திறந்து படிக்கலாம், பதில் அனுப்பலாம், அழிக்கலாம். பாஸ்வேர்டை மாற்ற முடியாது. பதிலில் உங்கள் முகவரியும் தெரியும். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அம்மாவோடு உட்கார்ந்து, கேட்டுக்கொண்டே செய்யுங்கள்.

அதே நாளில் அவருடைய கூகுள் கணக்கில் 'இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்பதையும் பேசி முடிவெடுங்கள். 3, 6, 12 அல்லது 18 மாதம் கணக்கைத் தொடாமலே இருந்தால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எதையெல்லாம் அவர்கள் இறக்கிக்கொள்ளலாம் என்று அவரே எழுதிவைக்கலாம். 10 பேர் வரை சேர்க்கலாம். அப்பா இறந்த பிறகு பாலிசி விவரம் எந்த மெயிலில் இருக்கிறதென்று தெரியாமல் அலைகிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். பேசுவதற்குச் சங்கடமாக இருக்கும். அம்மாக்கள் பெரும்பாலும் நாம் பயப்படுகிற அளவுக்குச் சங்கடப்படுவதில்லை. இரண்டு வருஷம் யாரும் திறக்காத தனிநபர் கணக்குகளை கூகுள் அழிக்கத் தொடங்கிவிட்டது என்பதும் நினைவிருக்கட்டும்.

மெயிலைத் தமிழில் தட்டத் தனியாக மென்பொருள் வாங்க வேண்டுமா?
— வாசகர், புதுச்சேரி

வேண்டாம். செட்டிங்ஸ், 'ஜெனரல்', முதல் வரியே 'லாங்குவேஜ்'. அங்கே எல்லா மொழி விருப்பங்களையும் காட்டச் சொல்லி, 'எனேபிள் இன்புட் டூல்ஸ்' டிக் செய்து, தமிழைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். பல்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு குறி வரும். அதை அழுத்திவிட்டு ஆங்கில எழுத்தில் ஒலிப்படி தட்டினால் தமிழாக மாறும். போனில் இதற்கு வேலை இல்லை. கீபோர்டு செட்டிங்ஸிலேயே தமிழைச் சேர்த்துக்கொள்ளலாம்.