ஹவாய் பெரிய தீவு: பெட்டியில் என்ன எடுத்து வைப்பது?

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு ஹவாயின் பெரிய தீவுக்குப் போகிறோம். கைபேசியில் பார்த்தால் ஹிலோவில் தினமும் மழை, கோனாவில் நல்ல வெயில். எதை நம்புவது? கடற்கரைக்கான பருத்தி உடைகள் மட்டும் போதுமா?

பதில்: இரண்டுமே சரிதான். பருத்தி மட்டும் போதாது.

இந்தத் தீவில் மாதத்தைப் பார்த்து உடை எடுத்து வைப்பதில் பயனில்லை. மலையின் எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்றுதான் பார்க்க வேண்டும். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் வடகிழக்கிலிருந்து வணிகக் காற்று (trade wind) என்ற நிலையான காற்று வீசுகிறது. மௌனா கேயா (4,207 மீட்டர்), மௌனா லோவா (4,169 மீட்டர்) என்ற இரண்டு எரிமலைகளும் அதை மறிக்கின்றன. காற்று கொண்டுவரும் ஈரமெல்லாம் கிழக்குச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். கிழக்குக் கரையில் உள்ள ஹிலோவுக்கு ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மேற்கே கவாய்ஹே பக்கம் 250 மில்லிமீட்டர் பெய்தாலே அதிகம்.

இந்த எல்லையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் வைமேயா ஊர் வழியாகப் போங்கள். கிழக்குப் பக்கம் நுழையும்போது தூறல், வைப்பர் ஓடும், இரு புறமும் பச்சைப் புல்வெளி. சில நிமிடங்களில் மேற்கு ஓரத்துக்கு வந்துவிட்டால் காய்ந்த புல், ஆங்காங்கே சப்பாத்திக்கள்ளி, சுள்ளென்று வெயில்.

குளிர்காலத்தில் சில நாட்கள் காற்று திசை மாறி தென்மேற்கிலிருந்து வீசும். அப்போது மேற்குக் கரையில் உள்ள கோனா பக்கமும் நன்றாக நனையும். அதனால் எங்கே தங்கினாலும் மெல்லிய மழைச்சட்டை அவசியம்.

உலகத் தட்பவெப்ப வகைகளில் இத்தனை இந்தத் தீவில் உண்டு என்று சுற்றுலா விளம்பரங்கள் ஒரு எண் சொல்லும். எப்படிப் பிரித்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தீவின் தெற்கே உள்ள காவூ பாலைவனமே ஒரு உதாரணம்; பெயரில்தான் பாலைவனம். அங்கே மழை பெய்யாமல் இல்லை. கிலாவேயா எரிமலையின் கந்தக வாயு கலந்து அமில மழையாகப் பெய்வதாலும், சாம்பல் மண்ணில் நீர் தங்காததாலும்தான் செடி வளர்வதில்லை.

உங்களுக்கு முக்கியமானது உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். கடற்கரையில் 27 டிகிரி என்றால் மௌனா கேயா உச்சி கிட்டத்தட்ட பூஜ்யம். குளிர்காலத்தில் பனியும் விழும். மேகங்கள் பெரும்பாலும் 2,000 முதல் 2,500 மீட்டருக்குள் நின்றுவிடும். மேலே வெப்பமான காற்று மூடி போட்டதுபோல் இருப்பதே காரணம். அதற்கு மேல் காற்று அவ்வளவு வறண்டு, தெளிவாக இருப்பதால்தான் உச்சியில் தொலைநோக்கிகளை நிறுவியிருக்கிறார்கள். ஆளுக்கொரு கம்பளிச் சட்டை, காற்று புகாத மேல்சட்டை, குல்லா, கையுறை எடுத்துக்கொள்ளுங்கள்.

உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம்தான். 2,800 மீட்டரில் உள்ள பார்வையாளர் மையத்தில் அரை மணி நேரமாவது தங்கிவிட்டு ஏறுங்கள். சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் அந்த மையத்தோடு நின்றுகொள்வது நல்லது. அதற்கு மேலே நான்கு சக்கரங்களுக்கும் இயக்கம் உள்ள (4WD) வண்டி வேண்டும்; வாடகை கார் ஒப்பந்தத்தில் அந்தச் சாலைக்கு அனுமதி உண்டா என்று முதலிலேயே படித்துப் பாருங்கள். கோனாவில் ஸ்கூபா டைவிங் செய்தால், அடுத்த 24 மணி நேரத்துக்கு மலை ஏறவே கூடாது.