பார்ட்னர் ஆகப்போகிறவர்களின் கடிதங்கள்

கே: பெரிய சட்ட நிறுவனத்தில் எட்டு ஆண்டுகளாக அசோசியேட், அதாவது பார்ட்னர் ஆகாத சம்பள வக்கீல். கட்சிக்காரர்களுக்கு ஆண்டுக்கு 2,200 மணிநேர வேலைக்குப் பில் போடுகிறேன். பார்ட்னர் ஆக்கிவிடுவார்கள்தானே?

ப: நல்ல உழைப்பாளி என்ற பெயர் நிச்சயம். தேர்வுக் குழுவில் நான் உட்கார்ந்திருந்த காலத்தில் முதலில் கேட்டது மணிக்கணக்கை அல்ல. 'இவர் விலகினால் எந்தக் கட்சிக்காரர் இவருடன் கிளம்புவார்?' என்பதைத்தான். எவரும் இல்லையென்றால் அடுத்த கோப்பை எடுத்துவிடுவோம்.

கே: சம்பள பார்ட்னருக்கும் ஈக்விட்டி பார்ட்னருக்கும் என்ன வித்தியாசம்?

ப: முன்னவருக்குப் பட்டம், பின்னவருக்கு லாபத்தில் பங்கு; நஷ்டத்திலும்தான். ஈக்விட்டி ஒன்றே போதும் என்றிருந்த நியூயார்க்கின் கிராவத் நிறுவனம்கூட 2023-ல் சம்பள பார்ட்னர் படியைக் கொண்டுவந்துவிட்டது.

கே: போன மாதம் ஈக்விட்டி பார்ட்னர் ஆனேன். மகிழ்ச்சியில் அன்றே கையெழுத்திட்டேன். இப்போது பெரிய தொகையை மூலதனமாகக் கட்டச் சொல்கிறார்கள். இது முறையா?

ப: முறைதான். கையெழுத்திட்ட பத்திரத்திலேயே அது இருக்கும். கட்சிக்காரரின் குத்தகைப் பத்திரத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் நள்ளிரவில் தொலைபேசியில் கூப்பிடுகிற வக்கீல்கள், தங்கள் கூட்டாண்மைப் பத்திரத்தை மட்டும் கல்யாணப் பத்திரிகையைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். வாரம் ஒரு கடிதமாவது இப்படி வருகிறது.

எனக்கும் கையெழுத்துப் பக்கம் மட்டுமே வந்தது, ஓரத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டி. முழுப் பத்திரம் வேண்டும் என்றேன். நிர்வாகப் பார்ட்னரின் முகம் சுருங்கியது. இரண்டு நாள் கழித்து எண்பது பக்கம் வந்தது. அறுபதாம் பக்கத்துக்கு மேல், பொடி எழுத்தில்: விலகுபவரின் மூலதனம் ஐந்தாண்டுத் தவணையில், அதுவும் வட்டியில்லாமல் திருப்பித் தரப்படும்.

மூலதனம் பல இடங்களில் ஆண்டு வருமானத்தில் கால் பங்குக்கு மேல் போகும். வங்கிக் கடனை நிறுவனமே ஏற்பாடு செய்து தரும், கடனாளி நீங்கள். 2012-ல் அமெரிக்காவின் டூயி அண்ட் லெபஃப் சட்ட நிறுவனம் திவாலானபோது, நூற்றுக்கணக்கான பார்ட்னர்கள் வாங்கிச் செலவழித்துவிட்ட வருமானத்திலிருந்து ஏறத்தாழ 7 கோடி டாலரைத் திருப்பிக் கட்ட ஒப்புக்கொண்டார்கள். ஆகவே கையெழுத்திடும் முன் மூன்றைப் பாருங்கள்: நிறுவனத்தின் கடன், அலுவலகக் குத்தகை இன்னும் எத்தனை ஆண்டு, ஓய்வுபெற்றவர்களுக்குத் தரவேண்டிய பாக்கி. கணக்கைக் காட்டத் தயங்கினால் பேனாவை மூடிவிடுங்கள்.

கே: பணிமூப்புக்கேற்ற லாபப் பங்கு (லாக்ஸ்டெப்) நல்லதா, கொண்டுவரும் வேலைக்கேற்ற பங்கு நல்லதா?

ப: கட்சிக்காரர்களைக் கொண்டுவருபவருக்கு இரண்டாவது, மற்றவர்களுக்கு முதலாவது. எதுவானாலும் பத்திரத்தைப் படியுங்கள்.

கே: இந்த முறை பார்ட்னர் ஆக்கவில்லை. கிளம்பிவிடலாமா?

ப: 'அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்று ஒருமுறை சொன்னால், என்ன குறை என்று கேளுங்கள். இரண்டாம் முறையும் அதையே சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

கே: பார்ட்னர் ஆனால் வரி எவ்வளவு?

ப: எந்த நாடு, என்ன வருமானம், எந்த வகைப் பார்ட்னர் என்று எதையும் எழுதாமல் கேட்டால் நான் ஜோசியமா பார்ப்பது? ஒன்று மட்டும்: பல நாடுகளில் ஈக்விட்டி பார்ட்னர் ஊழியர் அல்லர், மாதாமாதம் வரியைப் பிடித்துக்கொண்டு யாரும் பணம் தரமாட்டார்கள். வருவதில் மூன்றில் ஒரு பங்கையாவது தனிக் கணக்கில் போட்டுவையுங்கள். பிறகு ஒரு கணக்காளரைப் பாருங்கள், பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு.