சக அம்பயர் கவனிக்காததை நான் பார்த்தால்?

கேள்வி: கல்லூரி சாப்ட்பால் (பேஸ்பால் போன்ற மட்டைப்பந்து ஆட்டம்) போட்டிகளில் பேஸ் அம்பயராக, அதாவது ஓடுபவர்கள் தொட வேண்டிய பேஸ்களைக் கவனிப்பவராக நிற்கிறேன். சமீபத்தில் ஒரு ஆட்டத்தில் கடைசியாகத் தொட வேண்டிய ஹோம் பிளேட்டுக்கு ஓடி வந்த பெண்ணை, அங்கே நிற்கும் பிளேட் அம்பயர் 'அவுட்' என்றார். ஆனால் ஹோம் பிளேட்டைக் காக்கும் கேட்சர் கையிலிருந்து பந்து நழுவியதை நான் பார்த்தேன்; அப்படியானால் அது அவுட் இல்லை. அந்த அம்பயர் மூத்தவர் என்பதால் பேசாமல் இருந்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டுமா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: கட்டாயம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நின்ற இடத்திலிருந்தே 'சேஃப்' (அவுட் இல்லை) என்று கையை விரித்திருந்தால் அது இன்னும் பெரிய தவறு. ஒரே ஆட்டத்தில் இரண்டு தீர்ப்பு வந்துவிட்டால், அப்புறம் உங்கள் இருவர் பேச்சையும் யாரும் மதிக்க மாட்டார்கள். ஒருவர் தீர்ப்பில் மற்றவர் தானாகத் தலையிடக் கூடாது, அவர் கேட்டால் சொல்லலாம். பேஸ்பால், சாப்ட்பால் இரண்டிலும் விதி இதுதான்.

சரி, கேட்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் ஆட்டத்துக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்து பேசுவது. உயரே போகும் பந்தின் பின்னால் யார் ஓடுவது, அந்த நேரத்தில் மூன்றாம் பேஸை யார் பார்ப்பது என்பதோடு, 'நான் ஒன்று பார்த்தேன்' என்பதற்கு ஒரு சைகையும் முடிவு செய்துகொள்ளுங்கள். நெஞ்சில் கை வைப்பது போதும். அவர் உங்களிடம் வருவார். ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் கேட்க முடியாத தூரத்தில், 'பந்து தரையில் விழுந்தது' என்று மட்டும் சொல்லுங்கள். மாற்றுவதானால் அவரே அறிவிக்கட்டும். இதில் மூத்தவர், இளையவர் கணக்கே வரக்கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த ஒரு சம்பவம் உண்டு. 1983 ஜூலை 24, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். யாங்கீஸ் அணிக்கு எதிரான பேஸ்பால் ஆட்டத்தில் கன்சாஸ் சிட்டி அணியின் ஜார்ஜ் பிரெட் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அடித்து எல்லா பேஸ்களையும் சுற்றி வருவது) அடித்தார். மட்டைப் பிடியிலிருந்து 18 அங்குலம் என்ற வரம்பைத் தாண்டி பைன் தார் (கை நழுவாமலிருக்கப் பூசும் பிசின்) பூசியிருந்தது என்று அம்பயர்கள் அவரை அவுட் ஆக்கினார்கள். அமெரிக்கன் லீக் தலைவர் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, விட்ட இடத்திலிருந்து ஆடச் சொன்னார். ஆகஸ்ட் 18 அன்று நின்றதோ வேறு அம்பயர் குழு. பிரெட் ஜூலை 24 அன்று பேஸ்களைத் தொடாமல் ஓடினார் என்று யாங்கீஸ் மேனேஜர் பில்லி மார்ட்டின் முறையிட்டார். அந்த ஜூலை நாளில் அங்கே இல்லாதவர்கள் என்ன பதில் சொல்ல முடியும்? புதிய அம்பயர் குழுவின் தலைவர் டேவ் பிலிப்ஸ் ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். பிரெட் எல்லா பேஸ்களையும் தொட்டார் என்று பழைய குழு கையெழுத்திட்டுக் கொடுத்த பிரமாணப் பத்திரம்!

தங்கள் தீர்ப்பை லீக்கே தள்ளிவிட்ட பிறகு, அந்த நால்வரும் 'எங்களுக்கென்ன' என்று ஒதுங்கியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை.

அந்த மூத்தவரோடு மறுபடி நிற்கும்போது, சைகைப் பேச்சை நீங்களே முதலில் எடுங்கள்.